டென்ஷன் உடம்பில் எங்கே தெரிகிறது? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

தென்சென்னையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கழுத்து வலி, முதுகு வலி, தலைவலி என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு எலும்பில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. ஆபீஸ் நெருக்கடி, வீட்டுக் கடன், பிள்ளையின் பரீட்சை, அரைகுறைத் தூக்கம் எல்லாம் சேர்ந்து தோளில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர்களிடம் "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அது எங்கே தெரிகிறதோ அங்கே தொடங்கிப் பின்னோக்கிப் போனால்தான் காரணம் பிடிபடும்.

வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அறிகுறி 3-ஐத் தவிர மற்றவற்றில் அந்த வரிசையை மாற்றாதீர்கள். ஸ்கேன் வரை போய்விட்டு, கடைசியில் தலையணையை மாற்றியதும் சரியானவர்கள் உண்டு.

இவை இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே குளிர்ந்த வியர்வை, மயக்கம். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குளறுவது, ஒரு கை திடீரென்று தூக்க முடியாமல் போவது. வாழ்க்கையில் இதுவரை வந்திராத அளவுக்குத் திடீரென்று வெடித்த தலைவலி. இவற்றில் எது வந்தாலும் 108. "வாயுத் தொல்லையா இருக்கும், சோடா குடிச்சா சரியாகிடும்" என்று அரை மணி நேரம் காத்திருப்பது ஆபத்து.

செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றாலும் கீழே உள்ள எந்தப் பயிற்சியும் உங்களுக்கானது அல்ல. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இப்போதே அழையுங்கள். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் தனியாக இருக்க வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை

நான்கு கேள்விகள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? இன்று எத்தனை காபி, டீ?

மதியம் மூன்று மணிக்கு மண்டை வெடிக்கிறது என்று வருகிறவரைக் கேட்டால், காலையில் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பியதாகவும், பதினொரு மணிக்கு இன்னொரு காபி குடித்ததாகவும், மீட்டிங் இழுத்ததால் இன்னும் சாப்பிடவில்லை என்றும் சொல்வார். மே மாதச் சென்னை வெயிலில் இதைச் செய்தால் உடம்பு என்ன செய்யும்? இரண்டு டம்ளர் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடித்து, எதையாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் பாருங்கள். இறங்கிவிட்டால் அன்றைய காரணம் அதுதான். இறங்கவில்லை என்றால் கீழே போங்கள்.

அறிகுறி 1: கழுத்தும் தோளும் கல்லாக இறுகிப் போயிருக்கிறது

என் மேஜைக்கு அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்திருக்கிறதா? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? மென்று சாப்பிடாத நேரத்தில் உதடு மூடியிருக்கலாம், ஆனால் பல் தொடக் கூடாது. நாக்கின் நுனி மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருந்தால் தாடை தானாகத் தளரும்.

*தோள் ஏறியிருக்கிறது, பல் கடிபட்டிருக்கிறது என்றால்*

மூச்சை இழுத்தபடி இரண்டு தோளையும் காது வரை வேண்டுமென்றே தூக்குங்கள். ஐந்து வரை எண்ணும் நேரம் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சை விட்டபடி சட்டென்று கீழே போடுங்கள். ஐந்து முறை. இறுகிய தசையை "தளரு" என்று சொன்னால் தளராது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு விட்டால் தளரும். நாற்காலியிலேயே செய்யலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பைக்கில் போகிறவர்கள் சிக்னலை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விழுந்ததும் ஹேண்டில்பார் பிடியைத் தளர்த்தி, தோளைக் கீழே போட்டு, தாடையைத் தளர்த்தி, ஒரு நீண்ட மூச்சு விடுங்கள். பச்சை எப்போது விழும் என்று கவுண்டரையே முறைத்துக்கொண்டிருந்தால் அது சீக்கிரம் விழப்போவதில்லை, தோள்தான் இன்னும் ஏறும்.

*மற்ற நேரமெல்லாம் சரியாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் வந்தால்*

லேப்டாப்பின் உயரத்தைப் பாருங்கள். தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அது முன்னால் குனியக் குனியக் கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரம் ஏறிக்கொண்டே போகும். லேப்டாப்புக்கு அடியில் தடிமனான நான்கைந்து புத்தகங்களை வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தலைப்பில் உண்மையிலேயே காசு போட வேண்டிய முதல் பொருள் அந்தக் கீபோர்டுதான். விலையுயர்ந்த நாற்காலி அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான்.

ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் விழுகிறதா, பை எப்போதும் ஒரே தோளில்தான் தொங்குகிறதா, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுகிறீர்களா என்பதையும் பாருங்கள்.

*காலையில் எழும்போதே பிடித்திருந்தால்*

தலையணை. மல்லாந்து படுத்தால் முகம் கூரையைப் பார்க்க வேண்டும், மார்பைப் பார்க்கக் கூடாது. இரண்டு தலையணை வைத்துப் படுப்பவர் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். சூடும் நிதானமான தேய்ப்பும் தசைக்கு இதமானவை. அதைவிட முக்கியம், அந்த ஒரு மணி நேரம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

*செய்யவே கூடாதது*

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒருபோதும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்து எலும்புகளை ஒட்டியே போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சலூன் அண்ணன் அன்பாகத்தான் செய்வார். "வேணாம்ணே, கழுத்துல பிரச்சினை இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அதேபோல, ஆன்லைனில் வாங்கும் மசாஜ் துப்பாக்கியைக் கழுத்தின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் வைக்கவே கூடாது.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

கை மரத்துப்போகிறது, விரலில் ஊசி குத்துகிறது, டம்ளர் கை நழுவுகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போனால் அன்றே மருத்துவமனை. வெறும் இறுக்கம் மட்டும்தான், மேலே சொன்னதெல்லாம் செய்தும் மூன்று வாரமாகக் குறையவில்லை என்றால் ஒரு பிசியோவிடம் போங்கள். எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ வேண்டாம்.

அறிகுறி 2: படுத்தால் தூக்கம் வரவில்லை

இதில் மூன்று கிளை. உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

*படுத்து ஒரு மணி நேரமாகியும் வரவில்லை*

முதல் சந்தேகம் சாயங்காலக் காபி. காபியில் உள்ள கஃபீன் உடம்பிலிருந்து பாதி இறங்கவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். "எனக்கு டிகாஷன் குடிச்சாலும் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு. வரலாம். தூக்கம் மேலோட்டமாக இருக்கும். ஒரு வாரம் மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ இல்லாமல் இருந்து பாருங்கள். முதல் சில நாள் தலைவலிக்கலாம், அது பழக்கம் விடுவதன் வலி, போய்விடும்.

இரண்டாவது, வெக்கை. சென்னையில் ஏப்ரல், மே இரவுகளில் மொட்டை மாடியின் கீழுள்ள அறை நள்ளிரவு வரை அனலாக இருக்கும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் தொடங்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளியுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரே போதும். கிழக்கு ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்தால் கடற்காற்று கிடைக்கிற வீட்டில் மின்விசிறிக்கே வேலை குறையும்.

மூன்றாவது, போன். வெளிச்சத்தைவிட அதில் வருவதுதான் சிக்கல். பத்தரை மணிக்கு ஆபீஸ் குரூப்பில் "நாளைக்குக் காலை 9 மணிக்குப் பேசணும்" என்று ஒரு வரி வந்தால் அதன்பின் எந்த மூச்சுப் பயிற்சியும் எடுபடாது. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் வாங்குங்கள்.

நான்காவது, ஓடிக்கொண்டே இருக்கும் யோசனை. படுப்பதற்கு முன்பு ஒரு தாளில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவிடுங்கள். ஈபி பில், பள்ளிக் கட்டணம், அப்பாவின் மாத்திரை, அந்த ஒரு மெயில். எழுதியதற்கு எதிரே எப்போது செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதாததைத்தான் மனசு திரும்பத் திரும்ப நினைவூட்டும். அப்புறம் கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாக ஐந்து நொடி இறுக்கி, பதினைந்து நொடி விடுங்கள். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். முகத்துக்கு வருவதற்குள் பலர் தூங்கிவிடுகிறார்கள்.

இருபது நிமிடமாகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

*மூன்று மணிக்கு விழிப்பு தட்டி அப்புறம் வரவில்லை*

இரவு மது குடித்திருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அது தூங்கவைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும். சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று தடவை எழுகிறீர்கள் என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். இரண்டும் இல்லை, விழித்ததும் மனசு கனத்துக் கிடக்கிறது என்றால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

*எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி*

குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். ஆம் என்றால் நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போய்த் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். செலவு வைக்கும் சோதனைதான், ஆனால் இந்தக் கோளாறு பிபியை ஏற்றும், வண்டி ஓட்டும்போது கண்ணை மூடவைக்கும்.

ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகளில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடிந்தபின் வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள், அறைக்குக் கறுப்புத் திரை போடுங்கள், வீட்டில் உள்ளவர்களிடம் காலிங் பெல்லை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து கண் சொருகினால் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு கேபில் வாருங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதமாக இது நடக்கிறது என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். சீட்டில்லாமல் தருகிற கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை.

அறிகுறி 3: நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது

வாழ்க்கையில் முதல் முறை என்றால் இதை டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். செலவு அதிகமில்லை, அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபிறகு மறுபடி வந்தால் மட்டும் கீழே உள்ளவை.

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இருந்தால் பயப்பட வேண்டாம்.

*வெறும் வயிறு, காபி, சிகரெட், சளி மாத்திரை*

இவற்றில் ஏதாவது ஒன்று கடந்த சில மணி நேரத்தில் உள்ளே போயிருக்கிறதா? மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதயத்தைத் துரிதப்படுத்தும். எனர்ஜி டிரிங்கும் அப்படித்தான்.

*அதெல்லாம் இல்லை, திடீரென்று பயம் கவ்வுகிறது*

மூச்சை மூக்கால் இழுக்கும்போது நான்கு எண்ணுங்கள், விடும்போது ஆறு எண்ணுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், விஷயமே அதுதான். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். பெரும்பாலோர் "நல்லா ஆழமா மூச்சை இழு" என்று பக்கத்திலிருந்து கத்துவார்கள். அது தவறான உதவி. ஏற்கெனவே அதிகமாக இழுத்ததால்தான் விரல் மரத்துத் தலை சுற்றுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையும் வேண்டாம். உண்மையில் இதயக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

கூடவே கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். ரயிலில் இருந்தால் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை. இந்தத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். இது முடியும் என்று தெரிந்திருப்பதே பாதி வைத்தியம்.

*அடிக்கடி வருகிறது என்றால்*

ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. கூடவே பிபி. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாடிப்படி ஏறினாலே படபடப்பு வரும். "உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்குச் சோதித்துப் பார்த்தால் ரத்தமே குறைவாக இருந்ததைப் பார்த்து எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்திருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு. எல்லாம் சரியாக இருந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் மெட்ரோ ஏறுவதையே தவிர்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நன்றாகவே குணமாகும் சிக்கல் இது.

அறிகுறி 4: வேலை நாள் காலையில் வயிறு கலக்குகிறது

சனி, ஞாயிறு வருவதில்லை, திங்கள்கிழமை மட்டும் வருகிறது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இருபது நிமிடம் முன்னதாக எழுங்கள். அவசரமே பாதிக் காரணம். இட்லியோ இடியாப்பமோ, உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் காபி வேண்டாம். பால் ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கச் சிரமம், நடு இரவில் வலியால் எழுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் நோய் டாக்டர்.

அறிகுறி 5: சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறேன்

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், அதற்கு முன்பு என்ன. பெரும்பாலும் இரண்டு நேரம் தெரியவரும்.

*வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் என்றால்*

கத்திப்பாரா, வேளச்சேரி என்று ஒன்றரை மணி நேரம் ஹாரன் சத்தத்தில் ஊர்ந்து வந்த உடம்பு இன்னும் சண்டைக்குத் தயாராகவே இருக்கிறது. கதவைத் திறந்ததும் "கேஸ் புக் பண்ணீங்களா?" என்ற சாதாரணக் கேள்விகூட அடிபோலப் படும். நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடங்கள். அண்ணா நகர்க்காரர்களுக்கு டவர் பார்க், மயிலாப்பூருக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகருக்குப் பனகல் பூங்கா, அடையாறு பக்கம் பெசன்ட் நகர் கடற்கரை. பதினைந்து நிமிடம், காதில் எதுவும் மாட்டாமல். வழி இல்லை என்றால் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மேலே ஏறுங்கள். வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் நிம்மதி. மின்சார ரயிலோ பறக்கும் ரயிலோ உங்கள் வழியில் இருந்தால், வண்டியை விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு நாள் அதில் போய்ப் பாருங்கள்.

*காலை ஆறு முதல் எட்டரைக்குள் என்றால்*

இது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு. மோட்டார் போட வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளைக்குச் சாக்ஸ் காணோம், தனக்கு எட்டரை பஸ். இதற்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர எனக்கு மனசு வருவதில்லை. காரணம் வேலை அதிகம் என்பதுதான், அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் மருந்து. தாளில் எல்லா வேலையையும் எழுதி, எதிரே யார் என்று எழுதுங்கள். ஒரே பெயர் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தாளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். டிபன் பாக்ஸ் கட்டுவது, மோட்டார், பிள்ளையைக் கிளப்புவது ஆகிய மூன்றில் ஒன்று கைமாறினாலே கத்தல் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்*

கை ஓங்கும் அளவுக்குப் போய்விட்டது, பொருளை எறிகிறீர்கள், குடித்தால்தான் அடங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். அடிபடுகிறவர் நீங்கள் என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

அறிகுறி 6: மழை பிடித்தாலே பதற்றம்

வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதுமே உடம்பு விழித்துக்கொள்ளும். இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்ப்பார்கள். இதை மனப்பிரமை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடந்த ஒன்றைத்தான் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது.

முதல் கேள்வி: தயாராக வேண்டியது பாக்கி இருக்கிறதா? பத்திரம், ஆதார், மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் மேல் அலமாரிக்குப் போய்விட்டதா? இன்வெர்ட்டர் தரையிலிருந்து உயர்த்தப்பட்டதா? ஒரு வாரத்துக்கு மாத்திரை, குடிதண்ணீர், பவர் பேங்க், டார்ச்? வண்டியை எங்கே நிறுத்துவது, பெரியவர்களை யார் வீட்டுக்கு அனுப்புவது? தண்ணீர் தேங்கினால் சொல்ல மாநகராட்சி எண் 1913 போனில் இருக்கிறதா? இவற்றை அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இந்தக் கிளையில் பதற்றத்தை அதிகம் இறக்குவது இந்த வேலைதான்.

எல்லாம் முடிந்தும் பதற்றம் இருந்தால், வானிலைச் செய்தியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய வெள்ள வீடியோவைத் திறக்காதீர்கள். அந்த நாள் கனவில் திரும்பத் திரும்ப வருகிறது, மழைச் சத்தம் கேட்டால் உடம்பு உறைந்துபோகிறது, வருஷங்களாகியும் குறையவில்லை என்றால் இதற்கென்றே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி 7: எதிலும் பிடிப்பில்லை, எழுந்திருக்கவே தோன்றவில்லை

ஓய்வு எடுத்தும் ஓய்வாக இல்லை. பிடித்த பாட்டும் பிடிக்கவில்லை. பிரண்ட்ஸ் கூப்பிட்டால் சாக்குச் சொல்லத் தோன்றுகிறது.

*நாலைந்து நாளாகத்தான் என்றால்*

காலை வெயிலில் அரை மணி நேரம் நடங்கள், தனியாக வேண்டாம், ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். மெரினாவில் விடிகாலையில் நடக்கிற கூட்டத்தோடு நடந்தால் பேசாமலேயே ஒரு துணை கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலையை முடியுங்கள், துணி மடிப்பதாக இருந்தாலும் சரி.

*சில வாரமாக அசதியும் சேர்ந்திருந்தால்*

ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, டி வைட்டமின். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். நாள் முழுக்க ஏசிக்குள் இருப்பவர்களுக்கு, இத்தனை வெயில் அடிக்கும் ஊரிலும், டி குறையும்.

*இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும்*

இதை டென்ஷன் என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தயங்கினால் முதலில் 14416-ல் பேசுங்கள், அவர்களே வழி சொல்வார்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம். சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794-க்குப் போகிறது. அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் பழக்கத்தால் எத்தனை பேர் வருடக்கணக்கில் தாமதித்தார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. உங்கள் முன்னால் யாராவது அப்படிப் பேசினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

*முதல் முறை போகும்போது*

குறித்துவைத்த தாள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் (சித்தா, ஹோமியோ, ஜிம்மில் கொடுத்த பவுடர் உட்பட) கையில் இருக்கட்டும். தூக்கம், பசி, வேலை, குடிப்பழக்கம் இந்த நான்கைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும், எத்தனை மாதம் எடுக்க வேண்டும், முதல் சில நாள் என்ன தொந்தரவு வரலாம் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்த வேண்டிய நேரத்தில் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். அந்த டாக்டர் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று தோன்றினால், சீட்டையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள்.